குடை மடிப்பவர்கள்

ஆக்ராவுக்கு வருகிறவர்கள் தரையைத்தான் பார்க்கிறார்கள். தாஜ்மகால், கோட்டை, தோல் செருப்பு, பூசணிக்காயில் செய்த பேட்டா மிட்டாய். இவை முடிந்ததும் மாலை ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குத் தென்மேற்கே மால்புரா பக்கம் போகிறவர்களுக்குத்தான் இந்த ஊரின் வானம் தெரியும்.

காற்று இன்னும் எழாத விடியற்காலை நேரம். ஏ.என்.-32 விமானம் ஒன்று உறுமிக்கொண்டு வரும். அதன் பின்பக்கத்திலிருந்து கரும் புள்ளிகள் வரிசையாக உதிரும். நாலு எண்ணுவதற்குள் ஒவ்வொரு புள்ளியின் தலைக்கு மேலும் ஒரு குடை விரிந்துவிடும். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆடி அசைந்து இறங்கி, மண்ணில் உருண்டு, எழுந்து, துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கும்போதுதான் அவை மனிதர்கள் என்று தெரியும். அக்கம்பக்கத்து வயல்காரர்களுக்கு இது பல தலைமுறைகளாகப் பழகிய காட்சி. நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

இந்திய ராணுவத்தின் பாராசூட் வீரர்கள் முதன்முதலாகக் குதிப்பது பெரும்பாலும் இங்கேதான். ஆக்ராவில் இருக்கும் பாராசூட் பயிற்சிப் பள்ளியின் குதிமைதானம் மால்புரா. ஒரு விசித்திரம்: குதிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தினர்; பள்ளியும் அதன் ஆசிரியர்களும் விமானப் படையைச் சேர்ந்தவர்கள். காலாட்படைக்காரனுக்குத் தரை சொந்தம், விமானப் படைக்காரனுக்கு வானம் சொந்தம். இரண்டுக்கும் நடுவே உள்ள ஆயிரத்துச் சொச்சம் அடியைக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பள்ளியின் வேலை.

குதித்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. திரைப்படங்களும் வந்துவிட்டன. ஒருவனைக் குதிக்க வைத்து உயிரோடு தரை சேர்ப்பவர்களைப் பற்றிய பேச்சுதான் குறைவு. துணியை மடிப்பவர், மடித்ததைச் சோதிப்பவர், விழக் கற்றுக்கொடுப்பவர், விமானக் கதவருகே நின்று அனுப்புபவர், பைலட், காற்றை அளப்பவர், கீழே ஆம்புலன்சுடன் காத்திருக்கும் மருத்துவர் எனப் பட்டியல் நீளமானது. இவர்களுடைய வேலை சரியாக நடந்தால் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே நடக்காது. பத்திரிகைகள் இவர்களைக் கவனிக்காமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

கதை ஆக்ராவில் ஆரம்பிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், புது டில்லியின் வில்லிங்டன் விமான நிலையத்தில் (இன்றைய சப்தர்ஜங்) பிரிட்டிஷ் இந்திய ராணுவம் குதிப்புப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. அங்கே முதலில் குதித்த இந்தியர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் லெப்டினென்ட் ஏ.ஜி. ரங்கராஜ். இந்த 'ஏ' ஆற்காட்டைக் குறிக்கிறது. ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் துப்பாக்கிக்காரர் அல்ல, டாக்டர். சண்டைக்குக் குதிக்கும் பட்டாலியனுடன் அதன் மருத்துவரும் குதித்துத்தானே ஆக வேண்டும்!

பின்னாளில் கொரியப் போருக்கு இந்தியா அனுப்பிய 60வது பாராசூட் பீல்டு ஆம்புலன்சின் தலைவர் இவர்தான். 1951 மார்ச்சில் அமெரிக்க வான்குடைப் படை முன்சான்-னி என்ற இடத்தில் குதித்தபோது, இந்தப் பிரிவின் அறுவை சிகிச்சைக் குழு ஒன்றும் உடன் குதித்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. ராணுவத்தை விட்ட பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கும் பணியில் இறங்கினார். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இடம் பெறத் தகுந்த வாழ்க்கை. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பவர்களே அதிகம்.

டில்லிப் பள்ளி 1942இல் ராவல்பிண்டிக்கு அருகே சக்லாலாவுக்குப் போனது. பிரிவினையில் சக்லாலா பாகிஸ்தான் பக்கம் போய்விட, இந்தியாவின் பள்ளி ஆக்ராவுக்கு வந்தது. 1959 ஜூலை 17 அன்று இந்தியப் படைகளின் முதல் பெண் பாராசூட் வீரரானார் கீதா சந்தா. அவரும் மருத்துவ அதிகாரிதான். குதித்த முதல் இந்தியர்களில் ஒருவரும் டாக்டர், முதல் பெண்ணும் டாக்டர் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் முறிந்த கணுக்கால்களை அதிகம் பார்த்தவர்களே துணிந்து குதித்தார்கள் என்பதில் ஒரு அழகு இருக்கிறது.

கணுக்காலைக் காப்பாற்றுவதுதான் பள்ளியின் முதல் பாடம். பயிற்சிக்கு வருகிறவன் உடனே விமானத்தைப் பார்த்துவிட முடியாது. சிறு மேடையிலிருந்து மண்ணில் குதித்து உருள வேண்டும். மறுபடி ஏற வேண்டும், மறுபடி உருள வேண்டும். பாதங்களும் முழங்கால்களும் ஒட்டியிருக்க வேண்டும். முதலில் பாதத்தின் முன்பகுதி, பிறகு கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கவாட்டு என ஐந்து இடங்களில் அடியைப் பங்கு போட்டு வாங்க வேண்டும். வட்டக் குடையில் இறங்குவது ஆளுயரச் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். முதுகில் மூட்டை, கையில் ஆயுதம், கீழே உழுத நிலம் எல்லாம் சேர்ந்தால் அந்தச் சுவர் இன்னும் உயரும். கால்களை அகட்டி வைத்துக்கொண்டு இறங்குகிறவனுக்கு நேரே ஆஸ்பத்திரிதான்.

அடுத்து விமானத்தின் உடலைப் போலவே தரையில் அமைத்த கூண்டு. அதில் ஏறி உட்கார்ந்து, எழுந்து, கொக்கியை மாட்டி, கதவு வரை நடந்து வெளியேறிப் பழக வேண்டும். பிறகு கோபுரம். இடுப்பில் வார்ப்பட்டையுடன் உயரத்திலிருந்து காலை எடுத்து வெளியே வைக்க வேண்டும். பாராசூட் படைகளில் அனுபவப்பட்டவர்கள் விமானத்தைவிடக் கோபுரம்தான் பயம் என்பார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் பூமி படம் மாதிரி தெரிகிறது. கோபுரத்திலிருந்து பார்த்தால் பூமி பூமியாகவே தெரிகிறது.

இந்த நாட்களில் ஆசிரியர் சொல்வது திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான். அது மாணவனுக்கு அலுக்க வேண்டும். உடம்பில் ஊறி, யோசிக்காமல் வர வேண்டும். ஏனென்றால் யோசிக்க நேரம் கிடையாது. பயிற்சிக் குதிப்பு சுமார் 1,250 அடி உயரத்தில். ஸ்டாடிக் லைன் என்ற நாடாவின் ஒரு முனை விமானத்துக்குள் ஓடும் கம்பியிலும், மறுமுனை குதிப்பவனின் முதுகுப் பையிலும் இருக்கும். அவன் விழும்போது அது குடையை இழுத்துத் திறந்துவிடும். திறக்கவில்லையென்றால் மார்பில் கட்டிய ரிசர்வ் பாராசூட்டைத் தானே இழுத்தாக வேண்டும். அந்த உயரத்திலிருந்து தடையில்லாமல் விழுந்தால் பூமியைத் தொடச் சுமார் பத்து விநாடி. முதல் நாலு விநாடி குடை திறக்கிறதா என்று பார்ப்பதில் கழிந்துவிடும். மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்தில் மாணவனுக்குக் கடைசியாகத் தெரியும் முகம், கதவருகே நின்று அனுப்பும் ஆசிரியருடையது. கொக்கி மாட்டியிருக்கிறதா, நாடா கைக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொருவனையும் தொட்டுப் பார்த்திருப்பார் அவர். சிவப்பு விளக்கு எரிந்தால் தயார், பச்சை எரிந்தால் புறப்பாடு. கதவருகே ஒருவன் தயங்கி நின்றால் அவனுக்குப் பின்னால் உள்ளவர்கள் மைதானத்தைத் தாண்டிப் போய் விழ வேண்டியிருக்கும். அந்த அரை விநாடியில் பயத்தையும் பிடிவாதத்தையும் பிரித்தறிவது புத்தகத்தில் வராத பாடம். குடை விரிந்ததும் 'சத்ரீ மாதா கீ ஜெய்' என்று கோஷமிடுவது இந்த வீரர்களின் வழக்கம். குடையையே அன்னையாக்கி வாழ்த்துகிறார்கள்.

ஐந்து குதிப்பு, அதில் ஒன்று இரவில். அதற்குப் பிறகுதான் இறக்கைச் சின்னம். கௌரவ லெப்டினென்ட் கர்னலான மகேந்திர சிங் தோனி 2015 ஆகஸ்டில் இதே ஆக்ராவில் தரைப் பயிற்சி முடித்து ஐந்து முறை குதித்துத்தான் சின்னத்தைப் பெற்றார். சென்னை ரசிகர்கள் அவரது ஹெலிகாப்டர் ஷாட்டுகளைக் கணக்கு வைத்திருப்பார்கள். அவருடைய ஐந்து குடைகளை மடித்தவர் யார் என்ற கணக்கு ஆக்ராவில்தான் இருக்கும்.

அப்படி ஒரு கணக்கு உண்மையிலேயே உண்டு. எந்த நாட்டுப் பாராசூட் பள்ளியானாலும் அதன் இதயம் மைதானத்தில் இல்லை, மடிப்புக் கூடத்தில் இருக்கிறது. நீளமான மேஜைகள், வழவழப்பான பரப்பு, வெயில் புகாத ஜன்னல்கள். சூரிய ஒளி நைலானை அரிக்கும். ஈரம் அதை ஒட்டவைக்கும். எலி ஒரே இரவில் பாழாக்கும். அதனால் மைதானத்திலிருந்து வரும் துணியை முதலில் உதறி, முள்ளும் புல்லும் நீக்கி, உயரமான கூடத்தில் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள். பனிக்காலத்துப் புல்லில் விழுந்த குடைகள் வரிசையாகத் தொங்குவது சலவைக்காரர் கொடியைப் பெரிதாக்கியது போல இருக்கும்.

காய்ந்த குடை மேஜைக்கு வருகிறது. உச்சி ஒரு முனையில், வார்ப்பட்டை மறுமுனையில். துணிப் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து, எண்ணி, இரு பக்கமும் சமமா என்று பார்க்கிறார்கள். கிழிசல் இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் உண்டு. கண்ணுக்குத் தப்பியது விரலுக்குத் தப்பாது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கயிறுகள். ஒன்றின் மேல் ஒன்று புரளாமல் அவை பிரிந்து நிற்கின்றனவா என்று கடைசி வரை ஓட்டிப் பார்த்து, பாம்பு வளைவாகக் கொக்கிகளில் செருக வேண்டும். ஒரு கயிறு குடையின் மேல் புரண்டு விழுந்தால் வட்டம் இரண்டாகப் பிளந்து வேகம் கூடிவிடும். மடிக்கும்போது பயன்படுத்திய ஊசி, கொக்கி, எடைப்பை எல்லாவற்றையும் முடிவில் எண்ணுவார்கள். ஆபரேஷன் தியேட்டரில் கத்திரிக்கோலை எண்ணுவது போலத்தான். ஒன்று குறைந்தால் மடித்த குடை மறுபடி பிரிக்கப்படும். அப்புறம் இன்னொருவர் வந்து சோதிப்பார். பையுடன் போகும் அட்டையில் தேதி, மடித்தவர், சோதித்தவர் விவரங்கள் ஏறும்.

அமெரிக்க ராணுவத்தில், மடிப்பவர் தான் மடித்த எந்தப் பாராசூட்டையும் எந்த நேரமும் அணிந்து குதிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் மடிப்பு மேஜைகளில் நின்றவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அன்று கைகளைக் குதிக்க அனுமதித்தவர்கள் யாரும் இல்லை. விரல்களை மட்டும் நம்பினார்கள். மடிப்பு வேலையில் கெட்டிக்காரத்தனம் ஆபத்து. நேற்றுச் செய்ததை அப்படியே இன்றும் செய்ய வேண்டும், நாளையும் செய்ய வேண்டும். புதிதாக எதையாவது முயன்று பார்க்கும் சுபாவம் உள்ளவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

மடித்த குடைகள் எல்லாம் விரிவதில்லை. 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, அன்றிரவே ஆக்ராவிலிருந்து ஐ.எல்.-76 விமானங்களில் பாராசூட் வீரர்கள் கிளம்பினார்கள். 2,000 கிலோமீட்டருக்கும் மேலான பயணம். ஹுல்ஹுலே தீவின் ஓடுதளம் எதிரிகள் கையில் விழவில்லை என்று தெரிந்ததால் விமானங்கள் நேராகவே தரையிறங்கின. யாரும் குதிக்கவில்லை. 1971 டிசம்பர் 11இல் டாங்காயிலில் நடந்ததோ நேர் எதிர். கிழக்கு வங்கத்தின் அந்த ஊருக்கு வெளியே பாராசூட் பட்டாலியன் ஒன்று முழுதாக வானிலிருந்து இறங்கியது. அதே போரில்தான் ஆக்ரா விமானதளத்தைக் குறி வைத்துப் பாகிஸ்தான் விமானங்கள் வந்தன. நிலவொளியில் பளிச்சிட்டு வழிகாட்டிவிடக் கூடாதென்று தாஜ்மகாலைத் துணி போட்டு மூடினார்கள். ஆக்ராவுக்குத் துணியோடு உள்ள உறவு அப்படி.

பயிற்சி என்றால் ஆபத்து மாணவனுக்குத்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2025இல் ஆக்ரா அதைப் பொய்யாக்கியது. பிப்ரவரியில் ஒருவர், ஏப்ரலில் இன்னொருவர் என இரண்டு பேர் குதிக்கும்போது இறந்தார்கள். இருவரும் மாணவர்கள் அல்லர். வாரன்ட் அதிகாரிகள், பாராசூட் பயிற்சியாளர்கள். இரண்டாமவர் 1987இல் தொடங்கப்பட்ட விமானப் படையின் சாகசக் குழுவான ஆகாஷ் கங்காவைச் சேர்ந்தவர். மூவர்ணக் குடையுடன் விழா மைதானங்களில் இறங்கி மக்களைக் கைதட்ட வைக்கும் குழு அது. இத்தனை வருடம் மற்றவர்களுக்கு விழச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கே இப்படி என்ற செய்தி அந்தக் கூடத்தில் என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அனுபவம் அதிகமானால் ஆபத்து குறையும் என்பது பாதி உண்மைதான். மாணவன் ஐந்து முறை குதித்துவிட்டுப் போய்விடுகிறான். ஆசிரியரின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில். நாடா இழுத்துத் திறக்கும் குதிப்போடு அவர் நிற்பதில்லை. பல ஆயிரம் அடியிலிருந்து மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து, தானே குடையைத் திறக்கும் குதிப்புகளும் அவருடையவை. புதுக் குடையையோ புதுக் கருவியையோ சோதிப்பதும் அவரைப் போன்றவர்கள்தான். 2025 அக்டோபரில் உள்நாட்டில் தயாரான போர்ப் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு 32,000 அடியிலிருந்து குதித்துக் காட்டிய மூவரும் விமானப் படையினர். அதில் இருவர் மாஸ்டர் வாரன்ட் அதிகாரிகள். பெரிய விருந்தாளி கலந்துகொள்ளும் சிறிய விழாவுக்கெல்லாம் வானிலிருந்து ஆள் இறக்கியே தீர வேண்டுமா என்று யாராவது ஒரு முறை யோசிக்கலாம்.

சோதனைக்கு வரும் குடைகளில் பலவும் இதே ஊரில் பிறந்தவை. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் ஏ.டி.ஆர்.டி.இ. ஆய்வகம் 1969 முதல் ஆக்ராவில் இயங்குகிறது. வீரர்கள், சரக்கு, போர் விமானத்தை நிறுத்தும் பிரேக் பாராசூட் எல்லாவற்றுக்கும் இங்கே வடிவமைப்பு நடக்கிறது. 2007 ஜனவரியில் விண்வெளியிலிருந்து திரும்பி வங்கக் கடலில் விழுந்த இஸ்ரோ கலத்தை மெல்ல இறக்கியது இவர்களின் குடை. ககன்யான் கலத்துக்கு மொத்தம் பத்துப் பாராசூட்டுகள். 2025 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டா அருகே ஹெலிகாப்டரிலிருந்து மாதிரிக் கலத்தைப் போட்டுப் பார்த்தபோது அவை விரிந்தன. தையல் என்னவோ கான்பூரில் பிரசித்தம். 1941இல் தொடங்கிய அங்குள்ள பாராசூட் ஆலை 2021 முதல் கிளைடர்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனமாகப் பெயர் மாறியிருக்கிறது. ராக்கெட் என்றால் வெடிப்பும் நெருப்பும்தான் நமக்கு ஞாபகம் வரும். திரும்பி வருவது தையல்காரர் கையில் இருக்கிறது.

இந்தத் தொழில் இப்போது மெல்ல மெல்ல ராணுவ வேலியைத் தாண்டுகிறது. 1979இல் ஆக்ராவில் முதல் குதிப்பைக் குதித்த ரேச்சல் தாமஸ், 2002இல் வட துருவத்தின் மேல் குதித்தார். 2005இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தக் காலத்தில் குதிக்க ஆசைப்பட்ட ஒரு சாதாரணக் குடிமகனுக்கு ராணுவத்தின் தயவு தேவை, இல்லையென்றால் வெளிநாட்டுப் பயணச்சீட்டு தேவை. இப்போது டில்லியிலிருந்து மூன்று மணி நேரம் காரில் போனால் போதும். ஹரியானாவின் நார்னோலுக்குப் பக்கத்தில் பாச்சோத் ஓடுதளத்தில் பணம் கட்டிக் குதிக்கலாம். 2024 ஜூலை 13 அன்று மத்திய சுற்றுலா அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத்தே அங்கே குதித்தார். மத்தியப் பிரதேசத்தில் உஜ்ஜயினியில் குளிர்காலத்தில் இதற்கு விழாவே நடக்கிறது.

இங்கே வாடிக்கையாளருக்கு எந்தத் திறமையும் வேண்டாம். பயிற்சியாளரின் மார்போடு அவரைக் கட்டிவிடுவார்கள். இதற்கு டாண்டெம் என்று பெயர். இரண்டு உடல்கள் சேர்ந்தால் விழும் வேகம் எக்கச்சக்கமாகக் கூடும் என்பதால், சின்னத் துணை பாராசூட் ஒன்றை முதலிலேயே வீசி வேகத்தை மட்டுப்படுத்துவது பயிற்சியாளரின் வேலை. உயரத்தைப் பார்ப்பது, குடையைத் திறப்பது, காற்றைப் படித்துத் திடலுக்குள் இறக்குவது எல்லாமே அவருடையது. வாடிக்கையாளர் காலைத் தூக்கிக்கொண்டால் போதும். முப்பது விநாடி விழுந்ததைக் காட்டும் வீடியோ அவர் ஆயுசுக்கும் கூட வரும். அதில் அவர் தோளுக்குப் பின்னால் பாதி தெரியும் ஹெல்மெட் முகம் அன்றைக்கே எட்டோ பத்தோ பேரோடு விழுந்து எழுந்திருக்கும்.

இத்தகைய தனியார் தளங்களில் மடிப்பு மேஜைகூடக் கிடையாது. கொட்டகைத் தரையில் விரித்த ஜமுக்காளம்தான். செவ்வகக் குடைத்துணியிலிருந்து காற்றை வெளியேற்ற மடிப்பவர் அதன் மேலேயே படுத்து நெஞ்சால் அழுத்துகிறார், முழங்காலால் நகர்கிறார். கைத்தேர்ந்தவருக்கு ஒரு குடைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். வெளிநாடுகளில் பல இடங்களில் மடித்த குடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மழையோ காற்றோ வந்து விமானம் எழாத நாளில் வருமானம் கிடையாது. முட்டியும் முதுகும் முதலில் கெடும். எண்ணிக்கைக் கூலியும் நிதானமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பது பீடி சுற்றுபவருக்கும் தெரியும். இந்தியாவில் இந்தத் தொழில் வளரப்போகிறது என்றால், சுற்றுலாத் துறைகள் விளம்பரப் படத்துக்கு முன்னால் இந்த ஜமுக்காளத்தைப் பார்ப்பது நல்லது. குதிப்பவருக்குக் காப்பீடு உண்டா என்று கேட்பவர்கள், மடிப்பவருக்கு உண்டா என்றும் கேட்கலாம்.

ரிசர்வ் பாராசூட் விஷயத்தில் மட்டும் எங்கேயும் அவசரம் கிடையாது. அதைத் தொட உரிமம் பெற்ற தனி ஆள் வேண்டும். மடித்து முடித்ததும் சிவப்பு நூல் கட்டி முத்திரை வைப்பார். ஒரு முறைகூடப் பயன்படாவிட்டாலும் கெடு வந்தால் பிரித்தாக வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கெடு 180 நாள். பெரும்பாலான ரிசர்வ் குடைகள் வானத்தில் ஒரு தடவைகூட விரியாமலே வயதாகி ஓய்வு பெறுகின்றன. கெடு நாளன்று அவர் முத்திரையை உடைத்து, துணியை வெளியே இழுத்து உதறி, காற்றாடத் தொங்கவிட்டு, கயிறுகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, மறுபடி மடிக்கிறார். அட்டையில் புதிய தேதி ஒன்று ஏறுகிறது. கீழே அதே கையெழுத்து.